ஆலிங் சியோனின் வாய்

குபாவோ சந்தையில் மீன் வரிசைக்குள் நுழைகிறவர்கள் முதலில் ஆலிங் சியோனின் குரலைத்தான் கேட்பார்கள். ஆள் அப்புறம்தான் தெரிவாள். அசுன்சியோன் திமாயுகா என்ற முழுப்பெயர் அவளுடைய ஞானஸ்நானச் சீட்டோடு சரி; 'ஆலிங்' என்பது மூத்த பெண்களின் பெயருக்கு முன்னால் இங்கே சேர்க்கிற மரியாதை. சந்தையில் அவளுக்குப் பெயர் 'வாய்'. பால்மீனின் வயிற்றை ஒரே கீறலில் திறந்து, குடலை விரலால் சுருட்டி வாளியில் எறிந்துகொண்டே, நாலு கடை தள்ளி விலை குறைத்துக் கூவுகிறவனை மானம் போகும்படி பேசுவாள். பேச்சு வாங்கியவனும் சிரித்துக்கொண்டே தன் கத்தியைத் தீட்டுவான்.

அவள் வீட்டு மாடியில்தான் நான் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை. கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. எங்கே போனாலும் வெளியே போகும் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டுதான் உட்காருவேன். அப்படிப்பட்டவளைக் கூடைப்பந்து அரங்கத்துக்கு இழுத்துப் போனது அவள்தான். அவளுக்கு முன்வரிசையில் இரண்டு இடம் இலவசம். அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார அவள் வீட்டில் வேறு யாரும் இல்லை.

முன்வரிசை அவளுக்குக் கிடைத்ததே வாயால்தான். முதலில் எல்லாரையும்போலக் கூரையை ஒட்டிய மலிவு மாடத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கத்தியதே ஆட்டக்காரர்களின் காதில் விழுந்தது. காலாவ் சோப்புக் கம்பெனி அணியின் விளம்பரப் பையன், எல்லாரும் 'சார் டாக்ஸ்' என்று கூப்பிடுகிறவன், ஒருநாள் படியேறி வந்து கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனான். "ஆலிங், இனிமே இதுதான் உங்க நாற்காலி. எதிர் அணி உங்க கைக்கெட்டுற தூரத்துல ஓடும். ஆரம்பிங்க." அப்புறம் சோப்பு விளம்பரத் தட்டியிலும் அவள் முகம் வந்தது, வாயை ஆவென்று திறந்தபடி.

அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. "உடம்பச் சொல்லு, ஆட்டத்தச் சொல்லு, வீட்டச் சொல்லாத" என்பாள். வெள்ளி நிறத்தில் முடி அடித்துக்கொண்டு வந்தவனை, "ஏ பையா, உன்ன ஐஸ் பெட்டியில வச்சு மறந்துட்டாங்களா?" என்பாள். நடுவரிடம், "செத்து மூணு நாளான மீனுக்குக்கூட உங்களவிடக் கண்ணு பளிச்சுனு இருக்கு, சார்!" என்பாள். அமெரிக்காவிலிருந்து கூலிக்கு வந்த நெட்டையனிடம், "மரமே, நிழல் மட்டுந்தானா? காய்க்க மாட்டியா?" என்று கேட்டாள், அவனுக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தலை வணங்கினான்.

அவளிடம் அதிகம் வாங்கியவன் ஜெர்விக் லாகாஸ்கா. அமிஹான் சிமென்ட் அணியில் பந்தை எடுத்துப் போகிறவன், மரிகினாவுக்காரன். வருடக்கணக்காக அவள் திட்டினாள், அவன் திருப்பிக் கொடுத்தான்.

"ஜெர்விக்! பந்து கை சுடுதாடா? ஐஸ் தரட்டுமா? என் கடையில மூட்ட மூட்டயா இருக்கு!"

"ஐஸ் வேணாம் ஆலிங்! நான் ஜெயிச்சுட்டு வர்றேன், மீன வறுத்து வைங்க!"

ஆட்டம் முடிந்து உள்ளே போகும்போது வழியில் நின்று, குனிந்து அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்வான். பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை. அவள் மறு கையால் அவன் காதைத் திருகுவாள். காலாவ் சட்டை போட்டுக்கொண்டு எதிரியின் காதைத் திருகுகிற அந்தக் கணத்தில்தான் அவள் முகம் மலர்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

மற்றபடி அந்த இடத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றும் இல்லை. பிணக்கிடங்கு மாதிரிக் குளிர். அந்தக் குளிரிலும் தைலமும் வியர்வையும் சோளப்பொரியில் தூவுகிற பாலாடைக்கட்டிப் பொடியும் கலந்த ஒரு வாடை தொண்டையில் பூசிக்கொள்ளும். கொட்டிய கோலா காய்ந்து தரை செருப்பைப் பிடித்து இழுக்கும். சோப்புத் தொழிற்சாலையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்களைக் கொண்டுவந்து, ஒரே நிறச் சட்டை மாட்டி, கையில் தட்டிச் சத்தமெழுப்ப இரண்டு காற்றடைத்த பிளாஸ்டிக் குழாய்களைக் கொடுத்து உட்காரவைத்திருப்பார்கள். மேற்பார்வையாளர் கை தூக்கினால் அவர்கள் குழாய்களை அடிப்பார்கள், இறக்கினால் நிறுத்துவார்கள். நிறுத்திய நேரத்தில் அட்டைப்பெட்டிக் கோழியைத் தின்று எலும்பை முன்னிருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். நடனம் ஆடுகிற பெண்கள் வரும்போது குடும்பஸ்தர்கள் மடியிலிருக்கும் குழந்தையை இறக்கிவிட்டுப் போனை எடுப்பார்கள். இதையெல்லாம் மைக் பிடித்த ஒருவன், தன் அசிங்கமான நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்து, நடத்திக்கொண்டிருப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதித் தொடரின் கடைசி ஆட்டம். மத்தியானமே அரங்கம் நிரம்பிவிட்டது. ஆலிங் சியோன் விடிகாலையிலிருந்து சந்தையில் நின்றுவிட்டு, குளித்து, சோப்புச் சட்டை போட்டு, வருகிற வழியெல்லாம் ஜீப்னி என்கிற பங்கு வண்டியில் என் தோளில் தூங்கி வந்தாள். போன் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நானும் அன்று பார்க்கவில்லை.

சார் டாக்ஸ் வந்து அவள் காலரில் ஒரு குட்டி மைக்கைச் செருகினான். "டிவிக்காரங்க கேட்டாங்க, ஆலிங். இன்னிக்கு உங்க பேச்சு அரங்கம் பூரா கேக்கும். பெரிய திரையிலயும் நீங்கதான்."

"இது இல்லாமலே கேக்குமே."

"கேக்கும். இன்னும் நல்லா கேக்கட்டும்."

ஆட்டம் தொடங்கியது. ஜெர்விக் சரியாகவே ஆடவில்லை. கண் சிவந்து வீங்கியிருந்தது. கால் பின்னியது. கைக்கு வந்த பந்தைக் கோட்டுக்கு வெளியே விட்டான். ஆலிங் சியோன் எழுந்தாள். மந்தமாக ஆடுகிற எவனைப் பார்த்தும் அவள் சொல்கிற பழைய வசனம்தான் அது; சந்தையில் தூங்கி வழிகிற பையன்களிடமும் தினம் சொல்கிறாள்.

"ஏண்டா ஜெர்விக்! எழவு வீட்டுலேர்ந்து நேரா இங்கயா வந்த? எங்க மேலதான் தட்டிட்டுப் போவணுமா?"

இந்த ஊரில் எழவு வீட்டுக்குப் போனவர்கள் நேராகத் தங்கள் வீட்டுக்குத் திரும்புவதில்லை. வழியில் ஒரு கடையிலோ எங்கோ நின்று, செத்தவரைத் தங்கள்மேலிருந்து தட்டி உதறிவிட்டுத்தான் போவார்கள். இல்லாவிட்டால் கூடவே வந்துவிடுவார் என்று பயம். அதற்குப் 'பாக்பாக்' என்று பெயர். குழந்தைக்கும் தெரியும்.

அவள் குரல் ஒலிபெருக்கிகளில் இடித்தது. ஒரு கணம் அரங்கம் மூச்சை இழுத்த மாதிரி இருந்தது. பிறகு கூரை பெயர்கிறாற்போலச் சிரிப்பு. ஆலிங் சியோனே திகைத்துப் போனாள். "இந்தப் பழைய சரக்குக்கா இவ்வளவு சிரிப்பு?" என்று என்னிடம் கேட்டாள். ஜெர்விக் அவளைப் பார்த்தான். உதட்டோரம் லேசாக வளைந்தது. அவன் பதில் சொல்லாமல் போனது அதுதான் முதல்முறை.

இடைவேளையில் சார் டாக்ஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"ஆலிங்! மேதை நீங்க! எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"என்னது தெரிஞ்சுது?"

"அவன் அப்பா செத்துட்டாரே, நேத்து விடிகாலைல. மரிகினாவுல வச்சிருக்காங்க. நேரா அங்கேர்ந்துதான் வந்து ஆடுறான். மத்தியானம் நியூஸ் வந்துச்சு. ஊரே போன்ல படிச்சிட்டு உக்காந்திருக்கு, யாருக்கும் சொல்றதுக்கு வாய் வரல. நீங்க சொன்னீங்க பாருங்க!"

ஆலிங் சியோன் எழுந்து, எதிர் அணியின் பெஞ்சைப் பார்த்து நடந்தாள். காவலாளி கையை நீட்டித் தடுத்தான். "கோட்டுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது, ஆலிங்."

"ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன், தம்பி."

"சொன்ன வரைக்கும் போதாதா?" என்றான் அவன், பல்லைக் காட்டிக்கொண்டு. பாராட்டாகத்தான் சொன்னான்.

அதற்குள் ஜெர்விக் உள்ளே போய்விட்டிருந்தான். அவள் கழிவறைக்கு ஓடினாள். தினமும் மீன் குடலில் முழங்கைவரை விட்டு அளைகிறவள், அழுகல் வாளியைத் தோளில் தூக்கிப் போகிறவள், குமட்டினாள் என்று நான் கண்டதில்லை. அன்று குழாயடியில் குனிந்து குமட்டிக் குமட்டி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்று உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்த ஒருத்தி கண்ணாடியில் அவளை அடையாளம் கண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"வீட்டுக்குப் போயிடலாம், ஆலிங்" என்றேன். எனக்கு வெளிக்கதவைத் தவிர வேறெதுவும் மனசில் இல்லை.

"போனா? அந்தப் பையன் என்னை என்னன்னு நெனச்சுக்குவான்? ஆட்டம் முடிஞ்சு இந்த வழியாத்தான வருவான். நான் சொல்லணும், ஈஹா, மகளே. தெரியாம சொல்லிட்டேன்னு அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

நாங்கள் திரும்பி வந்தபோது அரங்கம் புதிய விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. ஜெர்விக் பந்தைத் தொட்டால் போதும், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தங்கள் தோளைத் தட்டிக்கொண்டார்கள். வலது கையால் இடது தோள், இடது கையால் வலது தோள். "பாக்பாக்! பாக்பாக்!" மைக் பிடித்தவன் தாளம் கொடுத்தான். பாட்டுப் போடுகிறவன் தேவாலயத்துச் சாவுமணியை எங்கிருந்தோ எடுத்து அடித்தான். சோப்புத் தொழிலாளர்களின் மேற்பார்வையாளர் கையைத் தூக்க, அவர்களும் குழாயை மடியில் போட்டுவிட்டுத் தட்டினார்கள். அதில் சிலர் முதலில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு பிறகு தட்டியதைக் கண்ணால் பார்த்தேன். செத்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாதாம்! எங்கள் பின்வரிசையில் ஒரு தகப்பன் மடியில் உட்கார்ந்திருந்த மகனின் பிஞ்சுக் கையைப் பிடித்துத் தோளில் தட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். குழந்தை சரியாகச் செய்ததும் முத்தம் கொடுத்தான்.

அந்த முத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கு கசக்கிறது.

ஆலிங் சியோன் உதட்டைக் கடித்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். கேமரா அவளைத் தேடித் தேடி வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது, காலாவ் ஒரே புள்ளி முன்னால் இருந்தபோது, சார் டாக்ஸ் வந்து அவள் நாற்காலியருகே குந்தினான்.

"ஆலிங், என்ன இது? எழுந்திருங்க. இப்ப நீங்கதான் தல. நீங்க ஆரம்பிச்சது."

"மாட்டேன்."

"எல்லாரும் உங்களத்தான் பாக்குறாங்க."

"பாக்கட்டும். சார், இது வீட்டு விஷயம். நான் வீட்டப் பேச மாட்டேன்."

"ஏற்கனவே பேசிட்டீங்களே."

"தெரியாம பேசினேன்!"

"யாருக்குத் தெரியும் அது?" அவன் சிரிப்பு மாறவே இல்லை. "இந்த நாற்காலி யாரோடதுன்னு ஞாபகம் இருக்கட்டும், ஆலிங்."

"நாற்காலி உங்களோடது. எடுத்துக்கிட்டுப் போங்க. வாய் என்னோடது."

அவன் கையை நீட்டி, தாய்க்குச் சட்டை சரிசெய்கிற மகனைப்போல அவ்வளவு பதவிசாக, அவள் காலரிலிருந்த மைக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். "பரவால்ல. கேமராவுக்கு வாய் மட்டும் போதும்."

அடுத்த நிமிடமே ஜெர்விக்கைக் காலாவ் ஆள் இடித்துத் தள்ளினான். விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் அமிஹான் முந்திவிடும். அவன் கோட்டில் வந்து நின்றான். அவனுக்கும் கூடைக்கும் நடுவில் யாரும் இல்லை. கூடைக்குப் பின்னால் ஒரு மாடம் முழுக்கத் தோளைத் தட்டிக்கொண்டிருந்தது. சாவுமணி அடித்தது.

ஆலிங் சியோன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நிறுத்துங்கடா! மனுஷங்களாடா நீங்க! அவன் அப்பன்டா! நிறுத்துங்க!"

பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. மணியும் கூச்சலும் மற்றதை விழுங்கிவிட்டன. ஆனால் பெரிய திரையில் அவள் முகம் வீடளவுக்கு விரிந்தது. அகலத் திறந்த வாய், நரம்பு புடைத்த கழுத்து, காற்றில் வீசி வீசி அடிக்கிற கைகள். தலைவி எழுந்துவிட்டாள் என்று கூட்டம் வெறிகொண்டது. அவள் கையை வீச வீச, அவர்கள் இன்னும் வேகமாகத் தட்டினார்கள். அவள் "நிறுத்து" என்று கத்தக் கத்த, "பாக்பாக்" உரத்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதையும் வேடிக்கை என்று எண்ணி விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜெர்விக் நிமிர்ந்து திரையைப் பார்த்தான். நான் அதைக் கண்டேன். அவளும் கண்டாள்.

முதல் பந்து வளையத்தில் இடித்துத் தெறித்தது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை.

காலாவ் ஜெயித்தது. கூரையிலிருந்து சோப்புக் குமிழிகளைப் பொழிந்தார்கள். கம்பெனியின் மல்லிகை வாசனை, செயற்கை மல்லிகை, கோழி எலும்பின் மேலும் வியர்வையின் மேலும் படிந்து இறங்கியது. அதைவிட நாற்றமடிக்கிற ஒன்றை நான் முகர்ந்ததில்லை. முன்பின் தெரியாதவர்கள் வந்து ஆலிங் சியோனைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் வழியோரத்தில் நின்று காத்திருந்தாள். அமிஹான் ஆட்டக்காரர்களை அன்று வேறு வழியாக அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் கடையை முன்னதாகவே மூடிவிட்டு, "மரிகினாவுக்குப் போறேன். வர்றியா?" என்று கேட்டாள்.

"அடிக்க வந்தா?"

"அடிச்சா வாங்கிக்கணும்."

ஜெர்விக்கின் வீட்டுச் சந்தில் இடம் இல்லாததால் தெருமுனைக் கூடைப்பந்துத் திடலில்தான் அவன் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். இங்கே பாதிச் சாவுகள் அப்படித்தான், அடக்கம்வரை நாள்கணக்கில் பெட்டி அங்கேயே இருக்கும். கூடை வளையத்துக்கு நேர் கீழே சவப்பெட்டி, அதைச் சுற்றிப் பூவளையங்கள், கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளும், இரவில் விழித்திருக்கச் சீட்டாட்ட மேசையும். நாங்கள் உள்ளே நுழைந்ததும் சீட்டுப் போடுகிறவனின் கை நின்றது. எல்லாருக்கும் அந்த முகம் தெரியும். எழவுக்கு வந்தவரைப் போ என்று சொல்கிற வழக்கம் இங்கே கிடையாது.

ரப்பர் செருப்பும் வெள்ளைப் பனியனுமாக ஜெர்விக்தான் காபித் தட்டை ஏந்தி வந்துகொண்டிருந்தான்.

"ஆலிங் வந்திருக்கீங்களா. உக்காருங்க."

"ஈஹோ, மகனே, எனக்குத் தெரியாதுடா. சத்தியமா நான் அறியல."

"தெரியும், ஆலிங். மொதல்ல நீங்க சொன்னப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. எப்பவும் எல்லாரையும் சொல்றதுதான." அவன் கோப்பையை அவளிடம் நீட்டினான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "கடைசில எழுந்து நின்னீங்களே" என்றான்.

"அவங்கள நிறுத்தச் சொன்னேன்டா! மைக்கப் புடுங்கிட்டாங்க. நான் நிறுத்து நிறுத்துன்னுதான் கத்தினேன். இவள வேணா கேளு."

நான் வேகமாகத் தலையாட்டினேன். எனக்கே என் தலையாட்டல் பொய்சாட்சி மாதிரி இருந்தது.

"சரி ஆலிங்."

"நம்புறியாடா?"

"சரின்னு சொன்னேன்ல." தட்டில் இருந்த சர்க்கரையை அவள் பக்கம் நகர்த்தினான். "இனிப்பு போதுமா பாருங்க." அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ளவில்லை.

அவன் அம்மாவுக்கு ஆட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. விளம்பரத் தட்டியில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டு, பெருமையோடு கையைப் பிடித்துச் சவப்பெட்டியருகே கூட்டிப்போனாள். "இவருக்கு உங்கள அவ்வளவு புடிக்கும். மகன் ஆட்டத்த விடுங்க, நீங்க திட்டுறதக் கேக்கத்தான் டிவிய சத்தமா வைப்பாரு. 'நம்ம பையன இன்னிக்கு என்ன சொல்றா பாரு'ம்பாரு. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துடும்." கண்ணாடிக்கு அடியில் சின்ன உடம்புக்காரர், முழுக்கைச் சட்டை போட்டுப் படுத்திருந்தார். ஆலிங் சியோன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் பாக்பாக் வழக்கப்படி, முக்கில் இருந்த ரொட்டிக் கடையில் நுழைந்தோம். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நேற்றைய ஆட்டத்தையே மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். ஆயிரம் கைகள் ஆயிரம் தோள்களில் பூ விழுவதுபோல மெதுவாக விழுந்தன. நடுவில் அவள் வாய். ரொட்டி எடுத்துக் கொடுக்கிற பெண் திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், கிறீச்சென்று கத்தினாள்.

"ஐயோ, நீங்களா! ஆலிங், ஒரே ஒரு போட்டோ. ரெண்டு பேரும் சேந்து இப்படி..." என்று தன் தோளைத் தட்டிக் காட்டினாள். சின்னப் பெண். முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆலிங் சியோன் காபியைத் தொடாமல் எழுந்தாள்.

"வா. வீட்டுக்குப் போலாம்."

"ஆலிங், ஒரு வாய் குடிச்சிட்டு... கொஞ்ச நேரமாவது வேற எங்காவது உக்காந்துட்டு..." அவள் பின்னாலேயே ஓடினேன். இத்தனை வருடத்தில் இந்த ஊர்ப் பயமெல்லாம் எனக்கும் ஒட்டிவிட்டது. "நேரா போகக் கூடாது, ஆலிங். கூடவே வந்துடுவாரு."

"வரட்டும்." சாலையில் வந்த ஜீப்னிக்குக் கையைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "அவராவது என் வீட்டுக்கு வரட்டும். நான் என்ன சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிக்கிறேன்."